மாருதி 800 கார்புரேட்டர் வண்டி: ஐட்லிங் நிலைக்காத கோளாறு, சரிசெய்த விதம்

எஞ்சின் எஃப்8பி வகை: 796 சிசி, 3 சிலிண்டர். சூடேறியதும் ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கி, சிக்னலில் அணைந்துவிடும். பலரும் உடனே மிக்சர் ஸ்க்ரூவை (கார்புரேட்டரில் காற்று-பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைப்பது) திருகுவார்கள். அதைத் தொடாதீர்கள், கோளாறு மறைந்துகொள்ளும், போகாது.

முதலில் காற்றுக் கசிவு. எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் அடிப்பாகத்தைச் சுற்றிக் கொஞ்சமாக கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடித்தேன். சத்தம் மாறியது, கசிவு அங்கேதான். (சைலன்சர் பக்கம் படக்கூடாது, தீப்பிடிக்கும்.) பழைய கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) சுருங்கி, நட்டை அதிகம் இறுக்கியதில் ஃபிளாஞ்சும் (கார்புரேட்டரின் தட்டையான அடி விளிம்பு) வளைந்திருந்தது. ஸ்டீல் ஸ்கேல் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். தட்டையான கண்ணாடிமேல் எமரி பேப்பர் விரித்து, மேடு போகும்வரை தேய்த்து, பெட்ரோலில் கழுவினேன். புது கேஸ்கெட், நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். சீலன்ட் பசை வேண்டாம், பிதுங்கியது உள்ளே உறிஞ்சப்படும்.

வெடித்த வாக்குவம் ஹோஸ்களையும் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் சிறு ரப்பர் குழாய்கள்) கையோடு மாற்றிவிடுங்கள். பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் சரியாக இருந்தால், எஞ்சினைச் சூடாக்கி, ஏசியை அணைத்துவிட்டு, கடைசியாகத்தான் ஐட்லிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவைத் தொடணும்.