7,000 மணி ஓடின டிராக்டரை வாங்கலாமா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை இழுத்த மெஸ்ஸி பெர்குசன் 240 டிராக்டர் ஒண்ணு விலைக்கு வந்தது. "மீட்டர்ல 7,000 மணி, வாங்கலாமா மச்சான்?"னு தங்கச்சி மாப்பிள்ளை கேட்டார்.

மீட்டரை விடுங்க. பழைய வண்டியில அது இன்ஜின் சுற்றைத்தான் எண்ணும்; இன்ஜின் மெதுவா சுத்தினா கடிகாரத்தைவிடக் குறைவாத்தான் காட்டும். கேபிள் அறுந்தா நின்னே போகும். கிளட்ச் பெடல் வழவழன்னு தேய்ஞ்சிருந்தும் மீட்டர் 2,000 காட்டுதா? யாரோ கதை விடுறாங்க.

சொல்லாம காலையிலேயே போங்க. முதல்ல பானட்டில் கை வைங்க. சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஓடும்போது எண்ணெய் ஊத்துற மூடியைத் திறங்க. லேசா ஆவி வந்தா பரவாயில்லை. குபுகுபுன்னு புகை தள்ளினா இன்ஜினுக்குள்ள பிஸ்டன் ரிங்கும், அது உரசி ஓடுற லைனர் குழாயும் தேய்ஞ்சாச்சு. எண்ணெய் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தே தாரிக் (பால் டீ) நிறத்தில் இருந்தா தண்ணி கலந்திருக்கு, வீட்டுக்குத் திரும்பிடுங்க.

பெயிண்டைப் பார்க்காதீங்க. (ஒரு தடவை ஏமாந்தவன் சொல்றேன்.) டிரெய்லர் மாட்டுற கொக்கி ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருந்தா, வண்டி எவ்வளவு பாரம் இழுத்திருக்குன்னு அதுவே சொல்லும்.

கடைசியா, பின்னால் பாரத்தைத் தூக்கி இன்ஜினை அணைச்சுட்டுத் தள்ளி நின்னோம். ரெண்டே நிமிஷத்தில் தரையைத் தொட்டது. தூக்கிப் பிடிக்கிற ஹைட்ராலிக் சீல் கசியுது; அதை மாத்துற செலவுன்னு விலையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) குறைச்சுத்தான் மாப்பிள்ளை வாங்கினார்.