ஒரு பேசின் வெந்நீரில் ஸ்பா: குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு

கடை வெகு தூரம். ஆர்டர் போட்ட பார்சல் எப்போது வரும் என்பது பனியின் கையில். இப்படி ஓர் இடத்தில் ஸ்பா என்றதும் முதலில் தோன்றுவது, ஆவி பறக்கும் வெந்நீரில் அரை மணி நேரம் கிடப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். அன்றைக்குச் சுகமாக இருந்தது. மறுநாள் முழங்காலுக்குக் கீழே தோல் வெளிறிச் செதில் செதிலாக உரிந்தது; நகத்தால் அதில் பெயர் எழுதலாம்.

குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அதே காற்றை வீட்டுக்குள் ஹீட்டர் சூடாக்கும்போது ஈரம் கூடுவதில்லை, ஈரத்துக்கான தாகம்தான் கூடுகிறது. அது தோலிலிருந்தும் உறிஞ்சும். போதாததற்கு, சூடு அதிகமான தண்ணீர் தோலின் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும். ஆகவே இங்கே ஊறுவது கொஞ்சம்தான். ஊறிய ஈரத்தைத் தோலுக்குள் பூட்டிவைப்பதுதான் முக்கியம்.

தேவையானவை: ஒரு பேசின், இரண்டு துண்டு, சுத்தமான பருத்திக் காலுறை மூன்று ஜோடி, பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய், ஒரு கைப்பிடி ஓட்ஸ். வாசனைத் தைலம் வேண்டாம். வறண்ட தோலில் எரியும்.

1. முதலில் அறை, அப்புறம் தண்ணீர். கதவைச் சாத்தி அறையைச் சூடாக்குங்கள். எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் காலோடு எழுந்து ஜெல்லி டப்பாவைத் தேடினால் பாதிப் பலன் போச்சு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் நிறுத்திவையுங்கள்.

2. ஓட்ஸ் பொட்டலம். ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு ஜோடிக் காலுறையில் ஒன்றை எடுத்து, மாவைப் போட்டு முடிச்சிட்டு, பேசின் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். முதலில் ஒன்றும் வராது. நாலைந்து பிழிக்குப் பிறகு, நீர்த்த பால் மாதிரி வழவழவென்று இறங்கும். அரிப்புக்கு இதமானது அதுதான்.

3. கால் ஊறவைத்தல். வெளியிலிருந்து வந்த மரத்துப்போன காலை நேராக வெந்நீரில் விடவே கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துபோகலாம். உணர்ச்சி முழுக்கத் திரும்பும்வரை உட்கார்ந்திருங்கள். தண்ணீர் 37, 38 டிகிரி போதும்; தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் முழங்கையை விட்டுப் பாருங்கள், சுடக் கூடாது. பத்து நிமிடம் வைத்தால் போதும். சர்க்கரை நோயோ காலில் உணர்ச்சிக் குறைவோ உள்ளவர்கள் இந்தப் படியை விட்டுவிடுங்கள், மருத்துவர் இருக்கும் ஊர் தொலைவில் இருந்தால் இன்னும் கண்டிப்பாக. ஊறிய குதிகாலை நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) மெதுவாகத் தேய்க்கலாம். ரத்தம் கசியும் வெடிப்பை மட்டும் தொடாதீர்கள்.

4. பூட்டுதல். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மூன்று நிமிடத்துக்குள், தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே, கால் முழுக்க எண்ணெய். அதன்மேல் குதிகாலுக்கும் விரல் நுனிகளுக்கும் பெட்ரோலியம் ஜெல்லி. அது புது ஈரத்தைக் கொடுக்காது, இருப்பதை வெளியே விடாமல் மூடிவைக்கும். அதனால்தான் உலர்ந்த காலில் பூசினால் பெரிய பலன் இல்லை. உடனே காலுறையை மாட்டுங்கள். எண்ணெய்க் காலோடு நடந்தால் வழுக்கும். கைக்கும் இதே முறைதான், இன்னொரு ஜோடிக் காலுறையே கையுறை.

முகத்துக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம் என்பேன். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிடம் முகத்தில் போட்டு எடுத்து, வழக்கமான கிரீமைத் தடவினால் சரி. உதட்டுக்குத் துளி ஜெல்லி. நாக்கால் ஈரப்படுத்தினால் இன்னும் வெடிக்கும்.

வாரம் இரண்டு முறை போதும். ஓட்ஸ் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். நான் ஒருமுறை சோம்பல்பட்டு வாசலில் கொட்டினேன். விடிவதற்குள் படி முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ், மிருதுவான குதிகாலோடு உட்கார்ந்த வாக்கில்தான் இறங்கினேன்.