அலுமினியத் தகட்டை அச்சாக்கி நிக்கல் நானோகம்பி வளர்ப்பது

இடியாப்பம் பிழிய அச்சு வேண்டும். 60 நானோமீட்டர் தடிமனில் நிக்கல் கம்பி வேண்டுமென்றால் அதற்கும் ஓர் அச்சு வேண்டும், ஆனால் அவ்வளவு சின்னத் துளையை யார் உட்கார்ந்து போடுவது? அலுமினியமே போட்டுக்கொள்ளும். அதை அமிலத்தில் வைத்து நேர்மின்முனையாக இணைத்தால் மேலே ஆக்சைடு வளரும், அந்த ஆக்சைடுக்குள் தேன்கூட்டு அறைகள் மாதிரி நெட்டுக்குத்தாகத் துளைகள் இறங்கும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடிக்கு மேல். ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வேலை நாலு வரியில் முடிந்துவிடும். கையால் செய்தால் நாலு நாள் ஆகும், அதில் பாதி கெட்டுப்போவது அந்த நாலு வரியில் சொல்லாமல் விட்ட இடங்களில்தான்.

முதலில் அமிலமும் வோல்டேஜும். எந்த அமிலத்துக்கும் எல்லா வோல்டேஜிலும் துளைகள் வரிசையாக நிற்பதில்லை. சல்ஃப்யூரிக் அமிலத்துக்கு 25 வோல்ட், ஆக்சாலிக்குக் 40, பாஸ்பாரிக்குக் 195 என்று சில எண்கள் இருக்கின்றன, அங்கேதான் அவை தாமாக ஒழுங்குக்கு வரும். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு வோல்ட் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.5 நானோமீட்டர் என்று கணக்கு போட்டுக்கொள்ளுங்கள், அப்படியென்றால் 63, 100, 500 நானோமீட்டர். முதல்முறை செய்பவர்கள் 0.3 மோலார் ஆக்சாலிக், 40 வோல்ட் என்று ஆரம்பிப்பதே நல்லது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் நீரேறிய ஆக்சாலிக் அமிலம், லிட்டருக்கு 37.8 கிராம் போடுங்கள்.

தகடு 99.999 சதவீதத் தூய்மை. சமையல்கட்டு ஃபாயில் வேண்டாம், அதிலுள்ள இரும்பும் சிலிக்கானும் ஒழுங்கைக் கெடுத்துவிடும். அசிட்டோனில் கழுவி, நைட்ரஜன் ஓட்டத்தில் 500 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் வைத்தால் உலோகத்தின் படிகத் துணுக்குகள் பெரிதாகும், உருட்டிய அழுத்தமும் போகும்.

அடுத்தது எலக்ட்ரோபாலிஷ், அதாவது மின்சாரத்தால் தகட்டின் மேடுபள்ளத்தைக் கரைத்து வழவழப்பாக்குவது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு பங்கு பெர்குளோரிக் அமிலம், நான்கு பங்கு எத்தனால், 20 வோல்ட், 10 டிகிரிக்குக் கீழே, சில நிமிடம். தகடு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆனால் பெர்குளோரிக்கோடு கரிமப் பொருள் சேர்வது விளையாட்டு இல்லை. 1947இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் உலோக முலாம் பட்டறையில் அலுமினியம் பாலிஷ் செய்ய வைத்திருந்த பெர்குளோரிக், அசிட்டிக் அன்ஹைட்ரைடு தொட்டி வெடித்து 17 பேர் செத்தார்கள். எத்தனாலை முதலில் குளிர வைத்து அதில் அமிலத்தைத் துளித்துளியாக விடுங்கள். பெர்குளோரிக்குக்கென்றே உள்ள புகைக்கூண்டில், சிறிய அளவில் செய்யுங்கள், கரைசல் வற்றவோ சூடாகவோ விடாதீர்கள், மிச்சத்தைப் புட்டியில் எடுத்து வைக்காதீர்கள். அந்த வசதி இல்லையென்றால் பாஸ்பாரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட பாலிஷ் இருக்கிறது, பளபளப்பு சற்றுக் குறைவுதான், பரவாயில்லை.

சரி, இப்போது அனோடைசிங், அதாவது முதலில் சொன்னபடி தகட்டை நேர்மின்முனையாக்கி ஆக்சைடு வளர்ப்பது. டெஃப்லான் கலத்தின் அடியில் ஓ-வளையம் வைத்துத் தகட்டை இறுக்கி, எதிரே பிளாட்டினம் வலை, நடுவில் கலக்கி, வெளியே குளிர்நீர்ச் சுற்று. 5 டிகிரி. 40 வோல்ட் கொடுத்ததும் மின்னோட்டம் சட்டென்று விழும், கொஞ்சம் ஏறும், பிறகு ஒரே அளவில் நிற்கும். விழுவது அடியில் தடுப்புப் படலம் உருவாவதால், ஏறுவது துளைகள் பிறப்பதால். இந்த வளைவைத் தினமும் பதிவு செய்யுங்கள், மைக்ரோஸ்கோப்புக்குப் போகும் முன்பே தகடு நல்லதா கெட்டதா என்று அதுவே சொல்லிவிடும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிடுங்கள், தகடு எங்கேயோ சூடாகிறது. நான் ஆரம்பத்தில் குளிர்நீர்ச் சுற்று இல்லாமல் ஐஸ் வாளியில் வைத்து ஒரு ராத்திரி ஓட்டினேன். விடியற்காலை ஐஸ் கரைந்திருந்தது, தகட்டின் நடுவே அப்பளம் கருகின மாதிரி ஒரு வட்டம்.

முதல் ஓட்டத்தில் துளைகள் மேலே கண்டபடி பிறக்கும், கீழே இறங்க இறங்கத்தான் ஒன்றையொன்று தள்ளி வரிசைக்கு வரும். நீண்ட நேரம் ஓட்டினால் தேன்கூட்டு ஒழுங்கு வருவதை 1995இல் ஜப்பானில் மசூதாவும் ஃபுகுடாவும் காட்டினார்கள், மறு ஆண்டு மசூதாவும் சாட்டோவும் அதை இரண்டு கட்டமாக்கினார்கள். அதாவது ராத்திரி முழுக்க வளர்த்த ஆக்சைடை அப்படியே கரைத்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். 6 சதவீத பாஸ்பாரிக், 1.8 சதவீத குரோமிக் கலவை, 60 டிகிரி, சில மணி நேரம். வீணாய்ப் போகிறதே என்று தோன்றும், ஆனால் அடியிலுள்ள அலுமினியத்தில் குழிகள் வரிசையாகப் பதிந்திருக்கும், அவைதான் நமக்கு வேண்டும், அடுத்த ஓட்டத்தில் துளைகள் அந்தக் குழிகளிலிருந்தே பிறக்கும். குரோமிக் அமிலம் அலுமினியத்தை அரிக்காது, அதனால் நேரம் கூடினாலும் கவலையில்லை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள், தொட்டியில் கொட்டாதீர்கள். பிறகு அதே அமிலம், அதே வோல்டேஜ், அதே குளிர், இரண்டாவது ஓட்டம். எத்தனை மைக்ரான் கம்பி வேண்டுமோ அதற்கு மேலே கொஞ்சம் வளர்த்துக்கொள்ளுங்கள்.

அவசரக்காரர்களுக்கு 2006இல் ஜெர்மனியில் ஹாலேவிலிருந்து வந்த கடின அனோடைசிங் முறை இருக்கிறது. 110 முதல் 150 வோல்ட், மணிக்கு 50 மைக்ரானுக்கு மேல் வளரும். குளிர்ச்சி கொஞ்சம் தவறினாலும் தகடு கருகிவிடும். முதல் தடவையே அதில் இறங்காதீர்கள்.

அப்புறம் அலுமினியத்தை நீக்க வேண்டும். துளை திறந்த பக்கத்தில் நகப்பூச்சு தடவிக் காய வையுங்கள், ஆமாம், கடையில் விற்கும் சாதாரண நகப்பூச்சுதான். மறுபக்கத்தைக் காப்பர் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் கரைசலில் விடுங்கள், பொங்கும், ஐஸ் மேல் வைத்துச் செய்யுங்கள். பழைய குறிப்புகளில் மெர்க்குரிக் குளோரைடு என்று இருக்கும், அது வேண்டாம். அலுமினியம் போனதும் மிஞ்சுவது கண்ணாடி போன்ற மெல்லிய படலம், இடுக்கியில் அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடும். அடியில் துளைகள் இன்னும் மூடியிருக்கும். 5 சதவீத பாஸ்பாரிக்கில் 30 டிகிரியில் அடிப்பக்கம் தொடும்படி மிதக்க விட்டால் ஒரு மணி நேரம் போலத் திறக்கும். திறந்த பின் அமிலம் துளைக்குள் ஏறிச் சுவரையும் தின்னும், ரொம்ப நேரம் விட்டால் அச்சே சல்லடையாகி உதிர்ந்துவிடும். நகப்பூச்சை அசிட்டோனில் கரைத்துவிட்டு அதே அமிலத்தில் முழுகவிட்டுத் துளையை வேண்டிய அளவுக்கு அகலப்படுத்தலாம்.

அடிப்பக்கத்தில் 200 நானோமீட்டர் போலத் தங்கம் ஸ்பட்டர் செய்தால், அதாவது வெற்றிடக் கருவியில் தங்க அணுக்களைத் தெறிக்கவிட்டுப் படியவைத்தால், துளைகள் அடைபட்டு மின்முனையாகும். நிக்கலுக்கு வாட்ஸ் குளியல் என்ற முலாம் கரைசல்: லிட்டருக்கு நிக்கல் சல்பேட் 300 கிராம், நிக்கல் குளோரைடு 45, போரிக் அமிலம் 45, பிஎச் 4 பக்கம். அச்சைக் கரைசலில் ஊறவைத்து வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சிவிடுங்கள், காற்றுக்குமிழி நிற்கும் துளையில் கம்பி வராது. வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை வைத்து அளந்தால் தங்கப் பக்கம் கழித்தல் 1 வோல்ட், அதைவிடக் கீழே போனால் ஹைட்ரஜன் குமிழிகள் வேலையைக் கெடுக்கும். 60 நானோமீட்டர் துளை, 100 இடைவெளி என்றால் ஒரு மைக்ரான் நீளத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கூலோம். மின்னோட்டம் திடீரென்று ஏறினால் கம்பிகள் வாய்வரை வந்து மேலே குடை விரிக்கின்றன, நிறுத்துங்கள்.

கடைசியில் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அச்சைக் கரையுங்கள், நிக்கலுக்கு ஒன்றும் ஆகாது. தங்கத்தோடு ஒட்டி நிற்கும் கம்பிகளை அப்படியே காய விட்டால் குளித்த தலைமுடி மாதிரி கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும், நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் திரவத்தின் பரப்பு இழுவிசை இல்லாமல் காயவைக்கும் சூப்பர்கிரிட்டிகல் உலர்த்தல்தான் வழி. தனித்தனியாக வேண்டுமென்றால் அச்சைக் கரைக்கும் முன்பே தங்கத்தைச் சுரண்டியோ அயோடின் கரைசலிலோ எடுத்துவிடுங்கள். கரைத்த பின் புட்டிக்கு வெளியே ஒரு காந்தத்தைப் பிடித்தால் கம்பிகள் ஓரத்தில் கூடும், தண்ணீரை ஊற்றிவிட்டு நாலைந்து தடவை கழுவி எத்தனாலில் போட்டு மூடி வையுங்கள்.