பழைய போர்க்காலப் படத்தில் இருக்கும் பறக்கும் படகை அடையாளம் காண்பது எப்படி?

இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் படம் ஒன்று கிடைக்கிறது. தண்ணீரில் பெரிய விமானம் மிதக்கிறது, பக்கத்தில் சின்னப் படகில் நாலு பேர், கீழே ஒரு குறிப்பும் இல்லை. அது எந்த விமானம், என்ன வேலைக்குப் போனது, எப்படிச் சண்டை போட்டது என்பதையெல்லாம் படத்தை வைத்தே எவ்வளவு தூரம் சொல்லலாம் என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். இந்த விமானங்களின் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் கண்ணாடிக்கும் கடலில் ஒரு வேலை இருந்தது, அதனால் கண்ணைப் பழக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கையில் ஒரு பூதக்கண்ணாடி போதும், கணினியில் பார்த்தால் படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: வயிற்றைப் பாருங்கள்

உடலே தண்ணீரில் உட்கார்ந்திருந்தால் பறக்கும் படகு. இரண்டு நீள மிதவைகள் மேல் நின்றால் அது மிதவை விமானம், வேறு வகை. இறக்கை நுனிக்குக் கீழே சின்ன மிதவைகள் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவை பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் இருக்கத்தான். கரையில் ஏற்றி வைத்த படம் என்றால் அடிவயிற்றில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு தெரியும். வேகமெடுக்கும்போது தண்ணீர் அடிப்பாகத்தை விடாமல் இழுத்துப் பிடிக்கும், அந்த வெட்டு வழியாகக் காற்று புகுந்தால்தான் பிடி விட்டு மேலே எழும்ப முடியும்.

படி 2: இறக்கையையும் எஞ்சினையும் எண்ணுங்கள்

நான்கு எஞ்சின், தோளில் (உடலின் மேல் விளிம்பில்) இறக்கை, இரண்டு மாடி உயரத்துக்கு ஆழமான உடல் என்றால் பிரிட்டனின் ஷார்ட் சண்டர்லேண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 1937-இல் முதலில் பறந்தது, இறக்கை விரிப்பு 34 மீட்டருக்கு மேல், உள்ளே படுக்கையும் சமையலறையும் உண்டு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கடல் மேலேயே சுற்றுகிறவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. உடலுக்கு மேலே ஒரு தூண், அதன்மேல் இறக்கை, இரண்டு எஞ்சின், பின்பக்கம் இரு புறமும் கொப்புளம் மாதிரி கண்ணாடி என்றால் அமெரிக்கக் கேட்டலினா. அதன் மிதவைகள் பறக்கும்போது மேலே மடங்கி இறக்கை நுனியாகவே மாறிவிடும். மூன்று எஞ்சின், பின்னால் இரட்டை வால்தண்டு இருந்தால் ஜெர்மனியின் பிவி 138. ஜப்பானின் கவானிஷி எச்8கே-வுக்கும் நான்கு எஞ்சின்தான், சண்டர்லேண்டோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அதன் உடல் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும், அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

படி 3: நிறம்

கறுப்பு வெள்ளைப் படத்திலும் இது தெரியும். பக்கமும் அடியும் வெள்ளையாக இருந்தால் அட்லாண்டிக்கில் நீர்மூழ்கி வேட்டைக்குப் போன பிரிட்டிஷ் விமானம் என்று யோசிக்கலாம். மேகம் மூடிய வானத்தில் கறுத்த விமானம் புள்ளியாகத் தெரிந்துவிடும், வெள்ளை பூசினால் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று முழுசாக மூழ்க அரை நிமிடம் போதும் என்பதால், கண்ணில் படுவது சில விநாடி தள்ளிப்போனாலே பெரிய லாபம். முழுக் கறுப்புக் கேட்டலினா என்றால் பசிபிக்கில் இரவில் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கியதாக இருக்கலாம்.

படி 4: முதுகில் கம்பங்கள்

சண்டர்லேண்டின் முதுகில் வரிசையாக நான்கு கம்பங்கள் நின்றால் அது ரேடார் ஆன்டெனா. கம்பங்கள் இல்லாமல் இறக்கை நுனிக்கு அடியில் புடைப்பு இருந்தால் 1943-க்குப் பிறகு வந்த புது ரேடார். படத்தின் காலத்தைக் கணிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

படி 5: குண்டு எங்கே?

சண்டர்லேண்டில் வெளியே குண்டு தொங்காது. இறக்கைக்குக் கீழே உடலின் பக்கத்தில் ஒரு பெரிய சதுரக் கதவைத் தேடுங்கள். தேவைப்படும்போது அந்தக் கதவு திறக்கும், உள்ளே தண்டவாளத்தில் தொங்கும் ஆழ்குண்டுகள் (தண்ணீருக்குள் வெடிப்பவை) உருண்டு இறக்கைக்கு அடியில் வந்து நிற்கும். ஒவ்வொன்றும் 250 பவுண்டு, எட்டு வரை.

ஆனால் கான்வாய், அதாவது கூட்டமாகப் போகும் கப்பல்களின், காவலில் குண்டு போடாமலே திரும்பிய நாள்கள்தான் அதிகம், அவை வீண் இல்லை. நீர்மூழ்கி தண்ணீர் மேலே மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், மூழ்கிவிட்டால் 14-ஐத் தாண்டாது, அதுவும் கொஞ்ச நேரம்தான், பேட்டரி தீர்ந்துவிடும். சரக்குக் கப்பல்களின் கான்வாயும் ஏறக்குறைய அந்த 14 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். தலைக்கு மேல் விமானம் சுற்றிக்கொண்டே இருந்தால் நீர்மூழ்கி மேலே வர முடியாது, மேலே வராவிட்டால் கான்வாயை எட்டிப் பிடிக்க முடியாது. ஒரு கப்பலும் மூழ்காமல் போன அந்த நாள்கள் யார் கணக்கிலும் பெரிதாக வரவில்லை, எனக்கு அவைதான் இந்த விமானங்களின் பெரிய சாதனை.

படி 6: துப்பாக்கிகளை எண்ணுங்கள்

மூக்கில், வாலில், சிலவற்றில் முதுகிலும் கண்ணாடிக் கூண்டுகள் தெரியும். சண்டர்லேண்டின் வால் கூண்டில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். மூக்கின் பக்கவாட்டில் கூடுதலாக நான்கு குழாய்கள் தெரிந்தால் 1943-இலோ அதற்குப் பிறகோ எடுத்த படம். நீர்மூழ்கி மேல்தளத்திலிருந்து சுடுகிறவர்களை அடக்க அவற்றை முதலில் பொருத்தியவர்கள் ஆஸ்திரேலியப் படையினர்.

எதிரி விமானம் வந்தால் என்ன செய்தார்கள்? மெதுவாகப் போகிற கனத்த விமானம், ஓடித் தப்ப முடியாது. தண்ணீரை ஒட்டிக் கீழே இறங்கிவிடுவார்கள், அப்போது வயிற்றுப் பக்கம் யாரும் வர முடியாது. 1943 ஜூன் 2 அன்று பிஸ்கே விரிகுடாவில் ஆஸ்திரேலியாவின் 461-ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) சண்டர்லேண்ட் ஒன்றை எட்டு ஜெர்மன் யுங்கர்ஸ் 88 விமானங்கள் சுற்றி வளைத்தன. விமானி காலின் வாக்கர். வழி கணிக்கும் நேவிகேட்டர் கண்ணாடிக் குமிழுக்குள் தலையை நீட்டி நின்றுகொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று கத்திச் சொல்லச் சொல்ல, வாக்கர் அந்தப் பக்கமே திருப்பித் திருப்பி ஓட்டினார். ஒரு எஞ்சினில் தீ, திசைகாட்டி உடைந்து அதிலிருந்த ஆல்கஹால் தீப்பிடித்தது, ஒருவர் இறந்தார். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மூன்று எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொல்லிவிட்டு, ஓட்டை விழுந்த உடலோடு இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

படி 7: பின்னணியைப் பாருங்கள்

பின்னால் தென்னை மரங்கள் தெரிந்தால் நம் பக்கத்துப் படமாகவும் இருக்கலாம். சென்னையின் புழல் ஏரியில் 1942 முதல் 240-ஆவது ஸ்குவாட்ரன் கேட்டலினாக்கள் இருந்தன. இலங்கையில் காலிக்குப் பக்கத்துக் கொக்கல ஏரியும் அப்படி ஒரு தளம். 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து கிளம்பிய கனடியக் கேட்டலினா ஒன்றுதான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் பார்த்தது. அதை ஓட்டிய லெனர்ட் பர்ச்சாலின் குழு சுட்டு வீழ்த்தப்படும் முன் செய்தியை அனுப்பிவிட்டது. ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தார்கள், மற்றவர்கள் சிறைப்பட்டார்கள். மறுநாள் கொழும்பு தாக்கப்படும் முன்பே எச்சரிக்கை வந்து சேர்ந்திருந்தது.

அப்புறம், கண்டுபிடித்ததைப் படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதி வையுங்கள்: வகை, நாடு, ஏறக்குறைய எந்த ஆண்டு, எதை வைத்துச் சொல்கிறீர்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.