ஆண் எலி, பெண் எலி, மூளை ஸ்கேன்: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

வெளிநாட்டிலிருந்து வந்த பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஏற்றி, அது உடலில் எங்கே சேர்கிறது என்று படமாக்கும் ஸ்கேன்) தரவோடு ஒரு மருத்துவபீட மாணவி வெள்ளவத்தைக்கு என்னைத் தேடி வந்தாள். “அண்ணா, ஆண் சுண்டெலிகளில் பி மதிப்பு 0.04, பெண் எலிகளில் 0.06. அப்ப மூளை அழற்சி ஆண்களுக்கு மட்டும்தானே?”

இல்லை. பி மதிப்பு என்பது, விளைவே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடக் கூடவோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு. அது ஒன்றில் வழக்கமான 0.05 கோட்டுக்குக் கீழே, மற்றதில் மேலே என்பதற்காக இரண்டும் வேறாகிவிடாது. இரு பாலையும் ஒரே பகுப்பாய்வில் சேர்த்து, அழற்சியின் விளைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மாறுகிறதா என்று நேரடியாகச் சோதிக்க வேண்டும். நல்ல சஞ்சிகைகளில்கூட இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

அடுத்தது எடை. அவளுடைய எக்செல் தாளில் அதற்கு ஒரு நிரலே இல்லை. 20 கிராம் பெண் எலிக்கும் 25 கிராம் ஆண் எலிக்கும் ஒரே அளவு கதிரியக்க மருந்தை ஏற்றினோம், அது உடலெங்கும் சமமாகப் பரவியது என்று வைப்போம். ஏற்றிய மருந்தில், பெண்ணின் உடலில் ஒரு கிராமுக்கு 5 சதவீதம், ஆணில் 4 சதவீதம் இருக்கும். துளி அழற்சியும் இல்லாமலே பெண் மூளை 25 சதவீதம் கூடுதலாக ஒளிரும்! எடையால் திருத்திய எஸ்.யு.வி. அளவு இதைச் சரிசெய்யும். ஆனால் கொழுப்பு கூடிய உடலில் அதுவும் பிசகலாம்.

ஒளிர்வதெல்லாம் மைக்ரோகிளியா (மூளையின் நோயெதிர்ப்புக் கலங்கள்) என்று எழுதுவதும் தவறு. இந்த ஸ்கேன்களில் பெரும்பாலும் தேடப்படும் ரி.எஸ்.பி.ஓ. புரதம் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற மூளைத் துணைக் கலங்களிலும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் உண்டு. போதாததற்கு, அழற்சியின்போது எலியின் மைக்ரோகிளியாவில் இது கூடுவதுபோல மனித மைக்ரோகிளியாவில் கூடுவதில்லை என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. எலியில் கண்ட பால் வேறுபாட்டை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது.

“பெண் எலிக்கு நாலைந்து நாள் ஹோர்மோன் சுழற்சி இருக்கே, அதனால பெண் எலிகளையே விட்டுவிடலாமா?” என்றும் கேட்டாள். விடவே கூடாது. 293 கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு மதிப்பாய்வில், சுழற்சியைக் கணக்கில் எடுக்காதபோதும் பெண் எலிகளின் அளவீடுகள் ஆண்களைவிடக் கூடுதலாகச் சிதறவில்லை. உண்மையில் ஆண் எலிகளைத்தான் கவனிக்க வேண்டும்: ஒரே கூண்டில் விட்டால் கடிபடும், அந்தக் காயமும் அழற்சிதான்.

சரி என்று அங்கேயே போனை எடுத்து மெயில் எழுதினாள்: ஒவ்வொரு எலியின் எடை, ஏற்றிய மருந்தின் அளவு, கூண்டு எண், கடிகாயம் இருந்ததா.