பாக்குவெட்டி ஆணியும் மான் வேட்டை அம்புமுனையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவாரூருக்கு அருகே என் தந்தையார் நடத்திவந்த கொல்லுப்பட்டறைக்குக் குறுவை அறுவடைக்கு முன்பு கருக்கரிவாள்கள் கட்டுக்கட்டாக வரும்; இடையிடையே யாராவது ஒருவர் பாக்குவெட்டியையும் கொண்டுவந்து நீட்டுவார். அரிவாளானால் அப்பா நேராக அலகைப் பார்ப்பார். பாக்குவெட்டியானால் அலகைத் தொடுவதற்கு முன்பே இரண்டு பிடிகளையும் பற்றிப் பக்கவாட்டில் ஆட்டி, நடுவிலுள்ள ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அசையும் மூட்டுள்ள கருவி முதலில் மூட்டில்தான் கெடும் என்பது அவருடைய அனுபவம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, அவனுடைய கார் கொட்டகையில் வில் வேட்டைக்கான அம்புமுனைகளைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பாக்குவெட்டிதான் நினைவுக்கு வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றம்; நம் டெல்டாவின் வெளிமான்களுக்கென்றே கோடியக்கரை 1967 முதல் சரணாலயமாக இருக்கிறது. இங்கே சொல்பவை அனைத்தும், உரிமம் பெற்று, பருவகாலத்தில், சட்டப்படி வெண்வால் மான் வேட்டையாடும் நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கானவை.

இந்த முனைகள் இரண்டு வகை. ஒன்றில் அலகுகள் உடலோடு அசையாமல் பொருந்தியிருக்கும். வெட்டும் அகலம் பெரும்பாலும் ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் வரை. மற்றொன்றில் அலகுகள் பறக்கும்போது மடங்கியிருந்து, உடலில் பட்டவுடன் ஆணியைச் சுற்றித் திரும்பி விரியும். ஒன்றரை, இரண்டு அங்குலம் வரைகூட அகலும். எடை இரண்டிலும் வழக்கமாக 100 அல்லது 125 கிரெயின், அதாவது ஏறக்குறைய ஆறரை அல்லது எட்டுக் கிராம். இவ்வளவு சிறிய உலோகத்துண்டு எலும்பின் மீது மோதியும் உடையாமல் தாங்கவேண்டும் என்பதை மறந்துவிட்டுத்தான் பலரும் உறுதியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எல்லாத் தவறுகளுக்கும் வேரான தவறு, ‘எது அதிக நாள் உழைக்கும்?’ என்று இரண்டையும் ஒரே தராசில் வைப்பது. நிலையான அலகு கெடும்போது கண்ணுக்குத் தெரியும்படி கெடுகிறது: நுனி வளையும், விளிம்பில் பல் விழும், கூர் மழுங்கும். விரியும் முனை அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. அலகு பளபளவென்று இருக்கும். ஆனால் அதைத் தாங்கும் ஆணித்துளை ஓவலாகியிருக்கும், மடக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் கழுத்துப்பட்டையோ தளர்ந்திருக்கும், உடலிலுள்ள காடியில் மண்ணோ காய்ந்த இரத்தமோ அடைத்திருக்கும். என் மகன் செய்ததும் இதுவே. ஒருமுறை மானைத் துளைத்து மறுபுறம் மண்ணில் குத்திநின்ற முனையைக் கழுவி, புதுப் பட்டை போட்டு, ‘புதுசு மாதிரிதான் இருக்கு, அப்பா’ என்று எடுத்துவைத்தான். மறுவாரம் பயிற்சியில் எய்தபோது ஓர் அலகு பாதி வழியிலேயே திறந்துகொண்டு, அம்பு இலக்கை விட்டு விலகி வேலிக்கட்டையில் போய்ப் பதிந்தது. நல்லவேளையாக அன்று எதிரே இருந்தது நுரைப்பலகை. மானாக இருந்திருந்தால் வயிற்றில் காயத்தோடு ஓடி, காட்டுக்குள் எங்கோ கிடந்து சாகும்.

ஆகவே விரியும் முனையை ஒரு வேட்டைக்கு ஒன்று என்று கணக்கிட்டு வாங்குவதே முறை என்பது என் கருத்து. அலகு மாற்றும் வசதி உள்ளவற்றில்கூட, புது அலகு போட்டபின் ஒவ்வொன்றையும் விரலால் மெல்லப் பக்கவாட்டில் அசைத்து, எல்லாம் ஒரே அளவு இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ரப்பர் வளையங்களைப் பருவத்துக்குப் பருவம் மாற்றிவிடவேண்டும். கோடை முழுவதும் காரில் வெந்த ரப்பர், இழுத்தால் வெடிப்பு காட்டும்.

அடுத்தது, வேட்டைக்கு வைத்திருக்கும் முனையாலேயே பயிற்சி செய்துவிட்டு, அதையே அம்பறாத்தூணியில் செருகிக்கொள்வது. நுரைப்பலகை மென்மையாகத் தோன்றினாலும் ஒவ்வொரு முறையும் கூரைத் தேய்க்கும். பயிற்சிக்கென ஒரு முனையை ஒதுக்கி, மை தடவி அடையாளமிட்டு, அதை ஒருபோதும் காட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. விரியும் வகையில் அலகு திறக்காத பயிற்சி முனையைச் சில நிறுவனங்கள் பெட்டியோடு தருகின்றன. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: அலகில்லாத கூம்பு முனையால் மட்டுமே பழகிவிட்டு, பருவம் தொடங்கும் நாளில் நிலையான அலகை மாட்டுவது. அலகு காற்றைப் பிடிக்கும். வில்லின் சீரமைப்பிலுள்ள சிறு பிழையையும் அது பெரிதாக்கிக் காட்டும். அம்பு விலகினால் முனையைப் பழிப்பவர்கள், அம்புத்தாங்கியை நகர்த்திச் சீரமைத்துப் பார்ப்பதில்லை.

வளைவைச் சோதிக்காமல் விடுவது மூன்றாவது. முனையை அம்புக்கோலில் திருகி, அதன் நுனியை மேசைமேல் நிறுத்திப் பம்பரம்போலச் சுழற்றினால், உடல் சற்றே வளைந்திருந்தாலும் நடுக்கம் கைக்குத் தெரியும். அலுமினிய உடலுள்ள முனைகள் தோள்பட்டை எலும்பில் பட்டபின் இச்சோதனையில் தோற்பது வழக்கம். முழுவதும் எஃகாலானவை அதைவிட நன்றாகத் தாங்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். கூர் தீட்டுவதில் நடக்கும் பிழைகள், பட்டறை வாசலில் வளர்ந்த எனக்குப் பொறுக்கவே முடியாதவை. மின்சாரச் சாணைச் சக்கரத்தில் மெல்லிய அலகை அழுத்திப் பிடித்தால் விளிம்பு நீலம் பாயும். அந்த நிறம் வந்துவிட்டால், ஆலையில் அளவறிந்து கொடுத்த தோய்ச்சல், அதாவது காய்ச்சிக் குளிரவைத்து எஃகுக்கு ஏற்றிய கடினம், அந்த இடத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் ஏறுவதுபோல் ஏறி, முதல் விலா எலும்பிலேயே மடங்கிவிடும். அப்பா அரிவாளைத் தீட்டும்போது நொடிக்கொரு முறை தண்ணீரில் முக்குவதன் காரணம் இதுவே. சக்கரத்தை ஒதுக்கிவிட்டுத் தட்டையான கல்லைப் பயன்படுத்துங்கள். ஒரே எஃகுத்துண்டிலிருந்து கடைந்த மூன்று அலகு முனையாக இருந்தால் வேலை இன்னும் எளிது: இரண்டு அலகுகள் ஒருசேரக் கல்லில் படியும்படி வைத்து இழுத்து, முறைவைத்து மூன்று பக்கமும் சமமாகத் தேய்த்தால் கோணம் தானே அமைந்துவிடும். மாற்று அலகு கிடைக்கும் வகையில், தீட்டி மிச்சம்பிடிக்க நினைக்காமல் புது அலகு போடுவதே சிக்கனம். அதிகக் கடினமான எஃகே சிறந்தது என்ற எண்ணமும் சரியன்று. கடினம் மிகுந்தால் விளிம்பு உதிரும், குறைந்தால் மடங்கும்.

வெட்டு அகலத்தின் மேல் கொள்ளும் ஆசையும் உறுதியைக் கெடுக்கிறது. அலகை விரிப்பதற்கும் அகலமான வெட்டைத் தள்ளிக்கொண்டு போவதற்கும் அம்பு தன் வேகத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இழுவை, அதாவது நாணை முழுதும் இழுக்கத் தேவையான விசை, குறைந்த வில் வைத்திருப்பவர் இரண்டு அங்குல முனையைத் தேர்ந்தால், மறுபுறம் வெளியேற வேண்டிய அம்பு உள்ளேயே நின்றுவிடக்கூடும். சாய்கோணத்தில் எய்தால் நீண்ட அலகு விலாவில் பட்டு வளையவும் கூடும். நாற்பது, நாற்பத்தைந்து பவுண்டு இழுவை உள்ளவர்களுக்குக் குறுகிய, நிலையான இரட்டை அலகையே நான் சொல்வேன். அறுபது பவுண்டுக்கு மேல் இழுத்து, வில்லைச் சீராக வைத்து, பக்கவாட்டில் நிற்கும் மானுக்காக மட்டுமே காத்திருக்கும் பொறுமை உள்ளவருக்கு விரியும் முனை நல்ல கருவி. வாங்குமுன் மாநில விதியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். பல இடங்களில் வெட்டு அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்கவேண்டும், பின்னோக்கிய முள் அமைப்புக்குத் தடையும் உண்டு.

பராமரிப்பில் சொல்லச் சிறிதே உள்ளது. கார்பன் எஃகு, நாகப்பட்டினத்துக் கடற்காற்றில் வைத்த அரிவாள்போல, ஒரே ஈர இரவில் துருப்பிடிக்கும். இரத்தத்தை அன்றே கழுவித் துடைத்து, மணமில்லாத மெல்லிய எண்ணெயைத் தடவி, அலகு ஒன்றோடொன்று உரசாத பெட்டியில் வையுங்கள். கழற்றும்போதும் மாட்டும்போதும் அதற்குரிய திருகுசாவியையே பயன்படுத்துங்கள். வெறும் விரலால் திருகப் போய் மகன் போட்டுக்கொண்ட மூன்று தையல், மருமகளிடம் கணக்குச் சொல்லத் தனியாக ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொண்டது.