வின்டேஜ் ஹம்பக்கர் வாங்குகிறீர்களா? நெக்கிலிருந்து தொடங்குங்கள்

பழைய கிப்சன் கிட்டார்களின் சத்தம் வேண்டும் என்று பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தேட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே தலை சுற்றும். அல்னிகோ 2 காந்தம், அல்னிகோ 5 காந்தம், 42 கேஜ் கம்பி, மெழுகில் முக்கியது, முக்காதது, 7.4 கிலோ ஓம், 8.2 கிலோ ஓம் என்று போய்க்கொண்டே இருக்கும், விலையைப் பார்த்தால் அந்த ஒரு ஜோடி பணத்துக்குச் சுமாரான கிட்டார் ஒன்றையே வாங்கிவிடலாம் போல இருக்கும். இதில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வின்டேஜ் ஹம்பக்கரை, அதாவது பழைய பாணி இரட்டைச் சுருள் பிக்கப்பை, நெக் பிக்கப்பை (கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருப்பது) வைத்துத்தான் எடை போட வேண்டும். பிரிட்ஜ் (மறுகோடியில் இருப்பது) கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) சரிக்கட்டிவிடலாம். நெக் கொழகொழவென்று போய்விட்டால் ட்ரெபிளை எவ்வளவு திருகினாலும் தெளிவு திரும்பி வராது.

எல்லோரும் நகலெடுக்கப் பார்க்கும் அசல் எது என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமாசூ என்ற ஊரில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் சேத் லவர் என்ற பொறியாளர் வடிவமைத்தது அது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் கேட்கும் மின்சார இரைச்சலை, எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்களால் அடித்துவிடுவதுதான் யோசனை. 1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1957-ல் லெஸ் பால் மாடல் கிட்டார்களில் அது ஏறியது. காப்புரிமை கைக்கு வரும்வரை பிக்கப்பின் அடியில் 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' என்று ஒரு குட்டி ஸ்டிக்கரை ஒட்டினார்கள், அதன் சுருக்கம்தான் பி.ஏ.எஃப். 1959-லேயே காப்புரிமை கிடைத்துவிட்டது, ஆனாலும் ஸ்டிக்கர் ஏறக்குறைய 1962 வரை தொடர்ந்தது. அதற்கப்புறம் ஒட்டிய ஸ்டிக்கரில் போட்ட எண்ணோ இந்தப் பிக்கப்புடையதே இல்லை, கிட்டார் கலைஞர் லெஸ் பால் வாங்கியிருந்த டெயில்பீஸ் (தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகம்) காப்புரிமையின் எண்!

வாங்குபவருக்கு இந்தக் கதையில் உபயோகமான பகுதி வேறு. அந்தக் காலத்தில் சுருள் சுற்றும்போது சுற்றுகளின் எண்ணிக்கையை யாரும் கறாராகப் பிடிக்கவில்லை, ஒரு பாபினுக்கு (கம்பி சுற்றும் சட்டத்துக்கு) சுமார் 5,000 சுற்று, கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். காந்தமும் அப்படித்தான், அல்னிகோ 2 முதல் 5 வரை கையில் கிடைத்ததை வைத்தார்கள். அதனால் ஒன்று 7 கிலோ ஓம் தடை காட்டும், பக்கத்தில் பிறந்த இன்னொன்று 9-ஐ நெருங்கும். ஆகவே 'அசல் பி.ஏ.எஃப். ஒலி' என்று விளம்பரத்தில் பார்த்தால், எந்த பி.ஏ.எஃப்.பின் ஒலி என்று மனதுக்குள் ஒரு கேள்வி எழ வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது குறைந்த ஔட்புட், 42 கேஜ் எனாமல் கம்பி, மெழுகு இல்லாமை, அப்புறம் வால்யூமைக் குறைத்தால் சத்தம் கணீரென்று சுத்தமாவது. நீங்கள் தேட வேண்டியது இந்தக் குணங்களைத்தான்.

பணத்தை எடுப்பதற்கு முன் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. முதலாவது, இப்போது இருக்கும் பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பாகத்துக்கும் பிக்கப்பின் திருகுத் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். கிப்சன் சொல்லும் கணக்கு பிரிட்ஜில் 1.6 மில்லிமீட்டர், நெக்கில் 2.4 மில்லிமீட்டர். நெக்கைப் பொறுத்தவரை அதுவே எனக்கு அதிகம் நெருக்கமாகத் தெரியும். தடித்த தந்திப் பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கிவிட்டு, அப்புறம் தனித்தனித் திருகுகளை அரைச் சுற்று மேலே எடுத்தால், மந்தமாக இருந்த பிக்கப் திடீரென்று வாயைத் திறந்து பேசும். பிக்கப்பை மாற்றியே தீர வேண்டும் என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஸ்க்ரூடிரைவர் வேலையே போதும்.

இரண்டாவது, பொட், அதாவது வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் மாறும் தடை. ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பொட்தான் வழக்கம். ஆனால் 1970-களுக்குப் பிந்திய சில கிப்சன்களிலேயே வால்யூமுக்கு 300 கிலோ ஓம் போட்டிருக்கிறார்கள், விலை குறைந்த கிட்டார்களில் என்ன இருக்கும் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். பொட்டின் மதிப்பு குறையக் குறைய மேல் ஸ்தாயி அடிபடும். 500 என்று அச்சடித்திருந்தாலும் 20 சதவீதம் வரை ஏறி இறங்குவது சகஜம், சால்டர் வைப்பதற்கு முன்பே மல்டிமீட்டரில் அளந்து, இருப்பதிலேயே அதிகம் காட்டுவதை நெக் வால்யூமுக்கு ஒதுக்குங்கள். 420 காட்டுவது பிரிட்ஜுக்குப் போகட்டும், அங்கே கொஞ்சம் கூர்மை மழுங்கினால் நல்லதுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் பிடிக்கவில்லையா, சரி, இப்போது வாங்கலாம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது ரெசிஸ்டன்ஸ் எண். அதைத்தான் நான் கடைசியில் பார்ப்பேன். ஒரே கம்பி, ஒரே வகைக் காந்தம், ஒரே தயாரிப்பாளர் என்றால் 7.3-க்கும் 8.3-க்கும் உள்ள வித்தியாசம் ஏதோ சொல்லும்: அதிகம் சுற்றியது நடு ஸ்தாயியைத் தள்ளும், மேலே கொஞ்சம் மூடிக்கொள்ளும். கம்பியின் பருமன் மாறிவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை, 43 கேஜ் மெல்லிய கம்பி குறைந்த சுற்றிலேயே பெரிய எண்ணைக் காட்டிவிடும். அது தவிர வெயில் வேறு இருக்கிறது. செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 7.5 கிலோ ஓம் காட்டிய பிக்கப், சென்னையில் மே மாத மதியம் ஏசி இல்லாத 35 டிகிரி அறையில் 7.9-ஐத் தாண்டிக் காட்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண் வராததால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன், பாவம், அறை குளிர்ந்த பிறகு மறுபடி அளந்திருக்கலாம்.

எண்ணைவிடக் காந்தம் முக்கியம். அல்னிகோ 5 வலுவானது: பாஸ் இறுக்கமாக, மேல்பகுதி பளிச்சென்று, பிக் பட்டவுடன் சத்தம் எழும். அல்னிகோ 2 மென்மையானது, நடுப்பகுதி இனிக்கும், அழுத்தி அடித்தால் லேசாக வளைந்து கொடுக்கும். 3 இருப்பதிலேயே வலு குறைந்தது, திறந்த காற்றோட்டமான சத்தம், நெக்கில் அருமையாக உட்காரும். 4-இன் குணம் 2-க்கும் 5-க்கும் நடுவில். பெரும்பாலோர் 'வின்டேஜ் என்றால் அல்னிகோ 2' என்று மனப்பாடமாகச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கனமான மஹோகனி உடம்பு, ஏற்கெனவே இருட்டான சத்தம் உள்ள லெஸ் பால் என்றால் நெக்கில் அல்னிகோ 2 போடுவது பாயசத்தில் மேலும் வெல்லம் கொட்டுவது மாதிரி. அங்கே குறைவாகச் சுற்றிய அல்னிகோ 5 அல்லது 3 போடுங்கள். பிரிட்ஜில் மட்டும் அல்னிகோ 2 இருந்தால் கூர்மை குறைந்து பாடும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே காந்தம்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்தது மெழுகு. பழைய பிக்கப்களில் மெழுகு கிடையாது, அதனால் சுருளும் மூடியும் நுணுக்கமாக அதிர்ந்து சத்தத்துக்கு ஒரு உயிர் கொடுக்கும், விரலால் மூடியைத் தட்டினால் ஆம்பில் டொக்கென்று கேட்கும். அதே காரணத்தால் கெயினை ஏற்றி ஆம்புக்குப் பக்கத்தில் நின்றால் கீச்சென்று கத்தவும் செய்யும். வீட்டில், ஸ்டூடியோவில், ப்ளூஸ் அளவு டிஸ்டார்ஷனில் வாசிப்பவர் மெழுகு இல்லாததைத் தைரியமாக எடுக்கலாம். மேடையில் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசிப்பவர் லேசாக மெழுகில் முக்கியதை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மெட்டல் வாசிப்பவருக்கு இந்த வகைப் பிக்கப்பே தேவையில்லை, டிமார்சியோ நிறுவனம் 1972-லேயே சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப்பைக் கொண்டுவந்தது இந்த வகையின் சூடு போதாதவர்களுக்காகத்தான்.

மூடியைப் பற்றி ஒரு வரி. ஜெர்மன் சில்வர் என்று பாத்திரக் கடையில் சொல்வார்களே, அந்த நிக்கல் கலவையில் செய்த மூடி சத்தத்தை அவ்வளவாகக் கெடுக்காது. மலிவான பிக்கப்பில் வரும் பித்தளை மூடி ட்ரெபிளை நன்றாகவே தின்றுவிடும்.

இனி பெயர்கள். சீமோர் டங்கனின் சேத் லவர் மாடல் அல்னிகோ 2, மெழுகு இல்லாதது, இந்த வகையில் நான் கேட்டதிலேயே காற்றோட்டமான நெக் சத்தம் அதில்தான். அதே நிறுவனத்தின் 59 மாடல் அல்னிகோ 5, நடுப்பகுதி கொஞ்சம் ஒதுங்கி பாஸ் இறுக்கமாக நிற்கும், இருட்டான கிட்டாரின் நெக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவர்களின் பேர்லி கேட்ஸ் அல்னிகோ 2-தான், ஆனால் பிரிட்ஜில் கொஞ்சம் முறைப்பாக இருக்கும், கிப்சன் எஸ்ஜி மாதிரி மெல்லிய உடம்புக்கு நல்ல ஜோடி. கிப்சனின் 57 கிளாசிக்கில் இரண்டு சுருளும் சமமாகச் சுற்றியவை, மெழுகில் முக்கியவை, அதனால் வழவழப்பாக உருண்டு வரும். ஜாஸ் வாசிப்பவருக்குச் சுகம், தெளிவு தேடுபவருக்குக் கொஞ்சம் சலிப்பு. கிப்சனின் பர்ஸ்ட்பக்கரில் சுருள்களை வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாகச் சுற்றியிருப்பார்கள், பழைய தொழிற்சாலையின் கவனக்குறைவைக் கவனமாக நகலெடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதனால் மேலே ஒரு கடி கூடுதலாகக் கிடைக்கும். 1, 2, 3 என்று சுற்று ஏறிக்கொண்டே போகும், நெக்குக்கு 1, பிரிட்ஜுக்கு 2 போதும், 3 எதற்கு என்பது என் அபிப்பிராயம். பர்ஸ்ட்பக்கர் ப்ரோ என்பது அல்னிகோ 5, மெழுகும் உண்டு, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இங்கிலாந்தின் பேர் நக்கிள் செய்யும் மியூல் அல்னிகோ 4, பணம் இருந்தால் பாருங்கள்.

யூடியூபில் டெமோ கேட்டுத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், ட்ரம்ஸ் பின்னணியோடு பிரிட்ஜில் லீட் வாசிக்கும் காணொளிகளைத் தாண்டிப் போய்விடுங்கள், எந்தப் பிக்கப்பும் அதில் நன்றாகத்தான் கேட்கும். நெக்கில், ரிவெர்ப் இல்லாமல், சுத்தமான ஆம்பில், அடித் தந்திகளில் கார்ட் அடிக்கும் இடத்தைத் தேடுங்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் ஜி கார்டில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா, அல்லது கீழே ஒரு கும்மென்ற குழம்பாகச் சேர்ந்துவிடுகிறதா என்று மட்டும் கேட்டால் போதும்.

ஆர்டர் போடும்போது மூன்று இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். திருகு இடைவெளி: கிப்சன் வகைக் கிட்டாருக்கு முதல் திருகிலிருந்து ஆறாவது திருகு வரை ஏறக்குறைய 50 மில்லிமீட்டர், ஃபெண்டர் ஸ்ட்ராட் வகைப் பிரிட்ஜில் தந்திகள் அகலமாக இருப்பதால் அங்கே 52, 53 மில்லிமீட்டர் மாடல் எடுக்க வேண்டும். அப்புறம் ஒயர்: பழைய பாணிப் பின்னல் ஒயர் பார்க்க அழகு, ஆனால் சுருளைப் பிரித்து ஒற்றைச் சுருளாக வாசிக்க முடியாது, அது வேண்டுமென்றால் நான்கு ஒயர் உள்ளதைக் கேளுங்கள். மூன்றாவது, ஒயர்களின் நிறம். சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் வெளியே போகும் ஒயர்), பச்சை எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று சேரும். டிமார்சியோவில் சிவப்பு ஹாட், பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் சேரும். ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றைச் சால்டர் வைத்தால் இரண்டு சுருளும் எதிரெதிராக வேலை செய்து சத்தம் மெலிந்துவிடும், அல்லது ஒரு சுருள் மட்டும் பேசும்.

இரண்டு நிறுவனத்துப் பிக்கப்பைக் கலந்து போடுபவர்கள் ஃபேஸை (இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றனவா என்பதை) சோதிக்காமல் மூடியைப் பூட்டாதீர்கள். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, ஹாட் ஒயரில் சிவப்பு முனையும் எர்த்தில் கறுப்பு முனையும் பிடித்து, ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரைப் பிக்கப்பின் தலைமேல் படுக்கவைத்துச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பும் ஒரே மாதிரி செய்தால் சரி. எதிரெதிராகச் செய்தால், இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் நடு நிலையில் சத்தம் மூக்கடைத்து மெலிந்துவிடும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் லெஸ் பாலில் நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்ததால் வந்த அந்தப் பிரபலமான சத்தம் இதுதான், அது வேண்டும் என்றே சிலர் செய்வதும் உண்டு. வேண்டாதவர், நான்கு ஒயர் பிக்கப்பில் ஹாட்டையும் எர்த்தையும் மாற்றிக்கொள்ளலாம், நிறமில்லாத வெற்று ஒயர் மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும். பின்னல் ஒயரில் இந்த வேலை நடக்காது, வெளிப்பின்னல் அடித்தட்டோடு சேர்ந்திருக்கும், எனவே காந்தத்தைத்தான் திருப்பிப் போட வேண்டும்.

எல்லாம் திறந்திருக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். டோன் கெப்பாசிட்டரை, 0.022 மைக்ரோஃபாரட் போதும், வால்யூம் பொட்டில் பிக்கப் வந்து சேரும் காலிலிருந்து கழற்றி நடுக்காலுக்கு மாற்றினால் அது ஐம்பதுகளின் வயரிங். வால்யூமைக் குறைக்கும்போது ட்ரெபிள் கூடவே ஓடிப்போகாது. வால்யூமும் டோனும் ஒன்றையொன்று கொஞ்சம் இழுக்கும், பழக இரண்டு நாள் ஆகும். பிறகு ஆம்பை லேசாக உறுமும் அளவுக்கு ஏற்றி, கிட்டாரில் நெக் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்கிப் பாருங்கள். உறுமல் போய்ச் சத்தம் தெளிந்தால் சரியான பிக்கப்தான் வாங்கியிருக்கிறீர்கள். சத்தம் மட்டும் சிறுத்து அப்படியே மந்தமாக இருந்தால், விற்பதற்கு முன் இன்னொரு மில்லிமீட்டர் இறக்கிப் பார்த்துவிடுங்கள்.